விலாவுக்கு நடுவே

ஜூன் 3

பாப்பா,

கை கால் முழுசாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அவள் முழங்கால் வலி எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரியில் நின்றபடியே டீ குடித்துப் பொழுதை ஓட்டுகிறாயா?

ஒரு சின்னச் செய்தி. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முன்பல் இரண்டு போய்விட்டன. அம்மாவிடம் ஒன்று என்று சொல். இரண்டு என்றால் தெருவைக் கூட்டுவாள். சிரித்தால் ஓட்டை வழியாகக் காற்று வருகிறது. இங்கே சிரிக்க ஒன்றும் இல்லாததால் நஷ்டம் இல்லை.

போன மாத மழையில் பக்கத்துக் கட்டடத்தின் கூரை இறங்கிவிட்டது. அங்கிருந்த கைதிகளை எங்கள் கொட்டடிகளில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் புரண்டு படுத்தால் எல்லோரும் புரள வேண்டும். பகலில் தச்சுப் பட்டறை. லாரி ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கைக்கு உளி இன்னும் அடங்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை. நன்றாக இருந்தவன் ஒரு மத்தியானம் பல் கிட்டிப்போய் நடுங்க ஆரம்பித்தான். மேலே எத்தனை போர்வை போட்டும் நிற்கவில்லை. அன்றிலிருந்து காய்ச்சல் அனலாய் அடிக்கிறது. இருமும்போதெல்லாம் வலது விலாவைக் கையால் அமுக்கிக்கொள்கிறான். சளி, செங்கல் தூளைக் கரைத்த மாதிரி வருகிறது. கம்பவுண்டர் தலைவலிக்கும் கால்வலிக்கும் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரையை இவனுக்கும் கொடுக்கிறார். இது என்னவாக இருக்கும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணன்


ஜூன் 8

அன்பு அண்ணாவுக்கு,

அம்மா படியேறிவிடுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள். நான் உட்கார்ந்தே சாப்பிடுகிறேன், போதுமா?

மழையிலும் சேற்றிலும் பாரம் ஏற்றிய லாரி மேல் குரங்கு மாதிரி ஏறி இறங்கிய ஆள், குளியலறையில் வழுக்கினாயா? முகம் தரையில் மோதினால் முதலில் உடைவது மூக்கு. மூக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சரி, இப்போதைக்கு விடுகிறேன்.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நிமோனியா. நுரையீரலில் காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் கிருமி புகுந்து சளியும் சீழுமாக நிரப்பிவிடுகிறது. வீட்டிலும் வேலையிலும் திடமாக இருந்தவர்கள்தான் எங்கள் வார்டுக்கு இப்படி வந்து விழுகிறார்கள். ஸ்டெத் வைத்தால், காதோரத்து முடியை விரலுக்கு நடுவே உரசுகிற மாதிரி சத்தம் வரும். எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். பொருத்தமான ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். அந்த வெள்ளை மாத்திரை காய்ச்சலை மூடி வைக்கும். கிருமியைத் தொடாது.

அவன் சும்மா படுத்திருக்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார். முப்பதைத் தொட்டால் ஆபத்து. உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறை டாக்டரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யார் அவன்? உன் சிநேகிதனா?

தங்கை


ஜூன் 12

பாப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

எண்ணினேன். முப்பத்தெட்டு. நகம் நாவல் பழ நிறத்தில் இருக்கிறது. செத்துப்போன தன் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான். டாக்டர் வந்தார், வாசலிலேயே நின்றார். "டிபி. மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லிக் கடைசி அறையில் தனியாகப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். "நெஞ்சுல ஸ்டெத் வெச்சுப் பாருங்க சார்" என்று உன் கடிதத்தை நீட்டினேன். "லாரி ஓட்டுறவனெல்லாம் வைத்தியம் சொல்ல வந்துட்டான்" என்றார். கடிதத்தை வாங்கவில்லை.

சிநேகிதன் இல்லை.

சரக்கு மைதானத்தில், டயர் கழற்றுகிற என் இரும்பு லீவரால் அடி பட்டு விழுந்தவன், உயிர் போகும்வரை ஒரு சத்தத்தோடு மூச்சு விட்டான். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். தூக்கத்திலும் அந்தச் சத்தம்தான். இப்போது அது கடைசி அறையிலிருந்து வருகிறது.

அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

டிபி ஒரே மத்தியானத்தில் வந்து ஆளைச் சாய்க்காது. வாரக்கணக்கில் இழுத்து, உடம்பை உருக்கி வரும். அப்படியே சந்தேகம் என்றால் சளியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவன் இருப்பானோ மாட்டானோ. இருந்தால், சத்தம் போடு. உனக்குத் தெரிந்த வேலைதானே.

தங்கை


ஜூலை 2

அன்பு அண்ணாவுக்கு,

உன் கடிதம் நின்றுபோய் இத்தனை நாள் ஆனதில்லை. அம்மா உன்னைப் பார்க்கப் பஸ் பிடித்து வந்தாள். "தண்டனையில இருக்கான், பார்க்க முடியாது" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தண்டனை, எதற்கு என்று கேட்டதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வந்ததிலிருந்து சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அண்ணா, நான் சத்தம் போடச் சொன்னது விளையாட்டாக.

இன்னொரு விஷயம். உன் சிறையிலிருந்து ஒருவனை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லையாம். வலது முதுகில் விரல் வைத்துத் தட்டினேன், சுவரைத் தட்டியது போல இருந்தது. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. நிமோனியாவைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான். மருந்து அந்தச் சீழுக்குள் சரியாகப் போய்ச் சேராது, குழாய் வைத்து வெளியேற்றியாக வேண்டும்.

கட்டிலோடு விலங்கு மாட்டியிருந்தார்கள். மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தவன், என் முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, வெறி பிடித்தவனாகிவிட்டான். சிஸ்டரை வயிற்றில் உதைத்தான். ஆக்சிஜன் குழாயைப் பிய்த்து எறிந்தான். என் மணிக்கட்டைக் கடித்தான், ரத்தம் வந்துவிட்டது. "இவ வேணாம்! இவள வெளிய அனுப்புங்க!" என்று அலறினான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று எண்ணி நாலு பேரை விட்டு அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். மரத்துப்போக ஊசி போட்டுக் காத்திருந்து, அக்குளுக்குக் கீழே இரண்டு விலாவுக்கு நடுவே கீறிக் குழாயை இறக்கினேன். சீழ் பீறிட்டு என் செருப்பு வரை வந்தது. வார்டே மூக்கைப் பொத்திக்கொண்டது.

நீ எழுதியது இவனைப் பற்றித்தானா? அப்படியானால் யாரோ கடைசி நேரத்தில் காப்பாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வரியாவது எழுது.

தங்கை


ஜூலை 11

அண்ணா,

அம்மா நலம். நான் நலம்.

உன் கொட்டடியில் இருந்தவன் பிழைத்துவிடுவான். நேற்று இரண்டாவது குழாய் வைத்தேன். காவலுக்கு இருக்கும் போலீஸ்காரருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

உன் பல் எந்தக் குளியலறையில் விழுந்தது?

தங்கை


ஜூலை 24

பாப்பா,

இந்தக் கடிதத்தை யாரும் பிரித்துப் படித்து முத்திரை குத்தவில்லை. விடுதலையாகிப் போகிற ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். அவனுக்கு வயிறாரச் சோறு போட்டு அனுப்பு. அம்மாவிடம் நான் தெம்பாக இருக்கிறேன் என்று சொல். உனக்கு மட்டும் நிஜம்.

உன் வார்டில் கிடப்பவன் சின்னவன். நான் கொன்ற பெரியவனின் கூடப்பிறந்த தம்பி. தீர்ப்பு வந்ததும் என் லாரியைக் கொளுத்தி, கிளீனர் கையை வெட்டிவிட்டு உள்ளே வந்தவன். நீ கோர்ட்டுப் படி ஏறக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால் அவன் முகம் உனக்குத் தெரியாது. கூரை இடிந்ததும் யாரை யாரோடு போடுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் அவனை என் கொட்டடியிலேயே தள்ளிவிட்டார்கள்.

வந்த அன்றே என் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீர்க் குழாயில் மோதினான். "இன்னிக்கு ரெண்டு பல்லு. மிச்சத்த ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன். கடைசியா உசுரு" என்றான். நான் கையை ஓங்கவில்லை. எந்த முகத்தோடு ஓங்குவது?

அப்புறம்தான் அவனுக்குக் காய்ச்சல். கொட்டடியில் ஒருவன் என் காதில், "தலகாணிய வெச்சு அமுக்கிடறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கோ" என்றான். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை, பாப்பா. ஆசையாக இருந்தது. திரும்பிக்கூடப் படுத்தேன். ஆனால் முதுகுப் பக்கம் அந்த மூச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எழுந்து உட்கார்ந்து, "அவனத் தொட்டா உன் கைய ஒடிச்சுடுவேன்" என்றேன். நான் நல்லவன் என்று நினைத்துவிடாதே. இன்னொரு முறை அந்தச் சத்தம் நிற்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

உன் "சத்தம் போடு" வந்த அன்று பட்டறையில் உளி அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்தேன். ஜன்னல் கண்ணாடி ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மேற்பார்வையாளர் மேஜையை இரண்டாகப் பிளந்தேன். சங்கு ஊதினார்கள். ஆறேழு பேர் தடியோடு வந்தார்கள். உள்ளங்காலில், முதுகில், கடைசியாகத் தலையில். மண்டை பிளந்து, நிற்காமல் ரத்தம் போனதால் பயந்துபோய் வெளியிலிருந்து ஒரு லேடி டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஊசியும் நூலுமாக என் தலையைத் தைக்கும்போது சொன்னேன்: "அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. கடைசி ரூம்ல ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான். நெஞ்சுல காது வெச்சுப் பாத்துட்டுப் போங்க." பக்கத்தில் நின்ற காவலர் என் வாயில் குத்தினார். அந்த அம்மா தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு நேராகக் கடைசி அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. மிச்சத் தையல் போடாமலே என்னை இருட்டறையில் போட்டார்கள். காயம் தானாகக் கூடிவிட்டது, கோணலாக.

அவன் உன்னிடம்தான் வருவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் கொட்டாப்புளியை எடுத்திருப்பேனா என்று இருட்டில் கிடந்து யோசித்தேன். தெரியவில்லை.

குணமானால் அவன் இங்கேதான் திரும்பி வருவான். பயமாக இருக்கிறது. உன்னிடம் தவிர யாரிடம் சொல்வேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 8

அண்ணா,

அம்மா உன்னைப் பார்க்க வருகிறாள், இதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு. அவளைச் சோதனை போட எந்தக் காவலருக்கும் துணிச்சல் வராது. உன் தலையைப் பார்த்து அழுவாள். அழ விடு.

நீ நிஜம் எழுதினாய். என்னுடையதையும் கேள்.

ஜூலை பத்தாம் தேதி அவனுக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. ஸ்கேனில் முதுகுப் பக்கம் இன்னொரு சீழ்ப் பை தெரிந்தது. இரண்டாவது குழாய் வைக்க எல்லாம் தயார். அப்போதுதான் அந்தப் போலீஸ்காரர் டீயை ஊதிக்கொண்டே ஆரம்பித்தார். "இவன் அண்ணன ஒரு லாரி டிரைவர் அடிச்சுக் கொன்னுட்டான் டாக்டர். அவனும் அங்கதான் இருக்கான். இவன் போய் அவன் மூஞ்சிய ஒடச்சு ரெண்டு பல்ல எடுத்துட்டானாம். பொழச்சுப் போனா கண்டிப்பா முடிச்சுடுவான் பாருங்க." கதை சொல்வது போலச் சொன்னார்.

நான் கை கழுவினேன். கையுறை போட்டேன். மரத்துப்போக ஊசி போட்டேன். அது வேலை செய்யச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை, அண்ணா. உடனே கத்தியை இறக்கினேன். சதைக்குள் இடுக்கியை விட்டு விரித்தேன். அவன் அலறியது மாடி வரை கேட்டதாம். சிஸ்டர், "டாக்டர், இன்னும் மரக்கல" என்றாள். காதில் விழாத மாதிரி குழாயைத் தள்ளினேன். அந்த அலறல் எனக்கு வேண்டியிருந்தது.

குழாய் சரியான இடத்தில்தான் போயிற்று. தையலும் சரி, மருந்தும் சரி. அன்று மாலையே காய்ச்சல் இறங்கியது. சீழில் வளர்ந்த கிருமிக்கு ஏற்ற மருந்தைத் தேடிப் பிடித்து மாற்றியதும் நான்தான். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சிஸ்டர் மட்டும் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அவன் அதற்குப் பிறகு என்னிடம் வாயே திறக்கவில்லை. நீளமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். முறைத்துக்கொண்டே செய்தான். அவன் அம்மா தினமும் வந்து கட்டிலோரம் உட்காருகிறார். மூத்த பிள்ளை போன பிறகு இவன்தான் மிச்சம். நேற்று என் கையைப் பிடித்து, கடி பட்ட தழும்பின் மேலேயே கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ளயக் குடுத்துட்ட, நீ நல்லா இருக்கணும்மா" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

உன்னை வேறு சிறைக்கு மாற்றச் சொல்லி அலைந்து பார்த்தேன். ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். அவனை இந்த வாரக் கடைசி வரை வைத்திருக்க நியாயமான காரணம் இருக்கிறது. அதற்கு மேல் வைத்தால் கேஸ் தாளில் பொய் எழுத வேண்டும். எழுதவா?

தங்கை


செப்டம்பர் 3

பாப்பா,

நலமாக இருக்கிறேன். அம்மா வந்து போனதில் எனக்கு நாலு கிலோ ஏறியிருக்கும். நீ பொய் எதுவும் எழுதாதது நல்லது.

சின்னவன் வந்து சேர்ந்தான். பாதி ஆளாகிவிட்டான். ஒரு தோள் இறங்கியிருக்கிறது. கூரையைச் சரிசெய்துவிட்டதால் அவனுக்குப் பழைய கட்டடம். பகலில் மட்டும் இதே பட்டறை.

உன்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். "அதே மூக்கு, அதே மொறைப்பு. கொல்லத்தான் நீ என்ன இவகிட்ட அனுப்பியிருக்கன்னு நெனச்சேன்" என்றான். இரண்டாவது முறை நீ கத்தியை எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டானாம். "போயிட்டேன்னு இருந்தேன்டா. கண்ணத் தொறந்தா பாட்டில் நெறைய சீழு" என்றான்.

போன வாரம் உளி கையில் பட்டுவிட்டது. இடது கைதான். தச்சு வேலையில் இதெல்லாம் சகஜம், கட்டு போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே. இனி எனக்கு இங்கே தொந்தரவு இருக்காது என்று நினைக்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 27

அன்பு அண்ணாவுக்கு,

அம்மா நலம், நேற்றுப் படியிறங்கும்போது என்னைத் திட்டவில்லை.

முதலில் உன் கை. கட்டை விரலால் சுண்டு விரலைத் தொட முடிகிறதா? விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா? காயத்தைச் சுற்றிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறைக்காதே. உளி எப்படிப் பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முந்தாநாள் சின்னவனை மறு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிவந்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு, வார்டிலிருந்து அனுப்பி ஒன்றரை மாதம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எடுத்ததும் அவனை வேனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். படம் என் மேஜைக்கு வந்தபோது அவன் அம்மா உள்ளே வந்தார். வெளியே வரிசையில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"நீ அந்த டிரைவர் தங்கச்சியாமே" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எம்மவன் சொன்னான். உங்கண்ணன் பொளந்து போட்ட மேசையாலதான் நான் உசுரோட வந்தேன்னான். அவன் கையப் பலகையில வெச்சு உளிய எறக்கிட்டேன், அவன் கைய இழுக்கவே இல்லன்னான். அண்ணனுக்கு இது போதும், அதோட விட்டுட்டேன்னான்."

நான் எழுந்து நின்றேன்.

"அவன் விட்டுட்டான். நான் விடல" என்று சொல்லி என்னை அறைந்தார். மூக்குக் கண்ணாடி தெறித்துச் சுவரோரம் போய் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் பாய்ந்து வந்து அவர் முடியைப் பிடித்தார்கள், ஒருவன் அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். "டாக்டரயே அடிக்கிறியா, ஒதைங்கடா இவள" என்று ஒரே கூச்சல். நான் அவர்களை நெட்டித் தள்ளிக் கதவைச் சாத்தினேன். என் காதுக்குள் வண்டு பறப்பது போல இரைச்சல்.

அவர் புடவையைச் சரிசெய்துகொண்டார். முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"படத்துல என்ன தெரியுது?" என்று கேட்டார்.

ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தேன். கண்ணாடி இல்லாததால் கிட்டத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. "இந்தப் பக்கம் பூரா வெள்ளையா இருந்துச்சும்மா. இப்ப காத்து போகுது, பாருங்க. ஓரத்துல ஒரு தழும்பு மட்டும் இருக்கு. அது இருக்கட்டும், ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

அவர் விரலை நீட்டி, படத்தில் விலா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார்.

"பெரியவனுக்கும் இப்படிப் படம் எடுத்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"எடுத்திருக்க மாட்டாங்க" என்று அவரே சொல்லிக்கொண்டு எழுந்தார். "நேரம் எங்க இருந்துச்சு." படத்தை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டிய படம்தான். கேட்பவர்களுக்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

கையை ஈரம் படாமல் வைத்துக்கொள்.

பாப்பா